பானைக்குள் இருந்த மருந்து

டொரொன்ரோவில் வேலைக்குப் போகும் வழியில் பொது மருத்துவமனையைக் கடந்துதான் போவேன். 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டது அங்கேதான். அந்த மருந்து சுத்தமாக இல்லை; 12 நாள் கழித்துத் திருத்தியதைப் போட்டார்கள், பையன் தேறினான். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அந்த மருந்து எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது, எப்படி வராமல் போனது என்பதை எழுதவேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தேன்.

பெரியம்மாவின் மகளுக்கு, என் அக்காவுக்கு, 1987இல் 11 வயதில் நீரிழிவு வந்தது. குளிசைக்குக் கட்டுப்படாத வகை. நாளுக்கு இரண்டு ஊசி. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எங்கள் குளிர்சாதனப்பெட்டி புத்தக அலுமாரியானது. பெரியம்மா இன்சுலின் போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டி மண்பானைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். படித்துச் செய்ததில்லை. பானைக்குள் தண்ணீர் குளிரும் என்பது தெரியும், அவ்வளவுதான்.

சீனி பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. சிறுநீரில் பெனடிக்ற் கரைசல் விட்டுச் சூடாக்கவேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப்போகச் சீனி கூட. சூடாக்க நெருப்பு வேண்டும், மண்ணெண்ணெயோ பொருளாதாரத் தடையில் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் நான் படித்தேன். அதே விளக்கில்தான் அக்காவின் குழாயும் சூடாகவேண்டும். சோதனைக் காலத்தில் அதற்காக அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

மருந்துக்குக் கொழும்பில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தவை செஞ்சிலுவைக் கொடியோடு கப்பலில் வரும். கப்பல் பிந்தினால் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வருகிற யாராவது பைக்குள் ஒரு போத்தல் கொண்டுவருவார்கள்.

எவா சக்ஸ்ல் பற்றி இங்கே வந்த பிறகுதான் வாசித்தேன். நாஜிகளுக்குத் தப்பி ஷாங்காய்க்குப் போன செக் நாட்டு யூதப் பெண். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அங்கே இன்சுலின் தீர்ந்தபோது, அவரும் நெசவுத்துறைப் பொறியியலாளரான கணவர் விக்ரரும் ஒரு மருத்துவப் பாடநூலை வைத்துக்கொண்டு நீரெருமையின் கணையத்திலிருந்து பழுப்பு நிறத்தில் இன்சுலின் எடுத்தார்கள். முயல்களுக்குப் போட்டுப் பார்த்த பிறகு எவா தனக்கே போட்டுக்கொண்டார். மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். வாசித்தபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. பெரியம்மாவும் அவர்களைப் போலத்தான். ஆனால் ஆய்வுகூடம் தருவதற்கு அவருக்கு யாருமில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்குவதற்குள் விடிந்துவிட்டது. பானையை வீட்டிலேயே விட்டுவிட்டோம். போத்தலைப் பெரியம்மா சட்டைக்குள் வைத்திருந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். போத்தலில் பாதிதான் மிச்சம் என்று கண்ட அக்கா, எவருக்கும் சொல்லாமல் அளவைக் குறைத்துப் போட்டிருக்கிறாள். மூன்றாம் கிழமை சத்தி எடுத்தாள், மூச்சு வாங்கினாள், வாயில் பழுத்த பழ வாசம். வயிற்றுக் கோளாறு என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வந்த மருத்துவ உதவியாளரிடம் சேலைன் இருந்தது. இன்சுலின் இல்லை. அவளுக்கு அப்போது 19 வயது.

அவசரகால மருந்துப் பெட்டி என்றால் காயமும் தொற்றும்தான் முதலில் நினைவுக்கு வந்த காலம் அது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கென்று உலக சுகாதார நிறுவனம் தனிப் பெட்டி உருவாக்கியது 2016 அளவில்தான். போரில் இறந்தவர்களின் பட்டியல்கள் சிலவற்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன். அக்காவின் பெயர் எதிலும் இல்லை. மரணச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் நீரிழிவு என்று இருக்கிறது. எழுதியவரில் பிழை சொல்லமுடியாது.

பெரியம்மா இப்போது ஸ்காபரோவில் என்னோடு இருக்கிறார். அவருக்கும் இன்சுலின்தான். குளிர்சாதனப்பெட்டியில் மூன்று போத்தல் உடைக்காமல் கிடக்கும்போதே நாலாவதை வாங்கிவரச் சொல்லுவார். வாங்கிவந்து கொடுப்பேன்.