நூற்புழுவை அடக்கும் மண்: பிரையன் கெர்ரியின் ஆய்வும் உயிரியல் கட்டுப்பாட்டின் எல்லைகளும்

1. ஆய்வுப் பொருள்

வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு மண்ணிலேயே எதிரிகள் உண்டு என்பது பழைய செய்தி. ஒரு வயலில் புழுவின் பெருக்கத்தை அந்த எதிரிகள்தாம் கட்டுப்படுத்துகின்றன என்று நிறுவுவதே கடினம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிரையன் கெர்ரி, 1970-களில் தொடங்கிய ஆய்வுகளால் இதைத் தானியப் பயிர்களில் நிறுவினார். புழுவைக் கொல்லும் பூஞ்சையை, பயிரையும் மண்ணையும் கணக்கில் கொள்ளாமல் மருந்துபோல் இட்டுப் பயனில்லை என்பதே அவ்வாய்வுகளின் சாரம் என இக்கட்டுரை கருதுகிறது.

2. சிக்கலின் தோற்றம்

கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றைத் தாக்குவது ஹெட்டரோடெரா அவீனே என்னும் முட்டைக்கூடு நூற்புழு. இதன் பெண்புழு வேருக்குள் பருத்து, வேர்ப்பட்டையைக் கிழித்துக்கொண்டு வெண்ணிற எலுமிச்சை வடிவில் வெளியே தெரியும். அது இறந்ததும் உடற்சுவர் பழுப்பேறிக் கெட்டியான கூடாகிவிடும். உள்ளே இருக்கும் சில நூறு முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்.

இத்தகைய புழு இருக்கும் நிலத்தில் அதே தானியத்தை ஆண்டுதோறும் விதைத்தால் சேதம் பெருக வேண்டும். முதற்சில ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. ஆனால் பல வயல்களில் அதன்பின் புழுவின் எண்ணிக்கை சரிந்து, தாழ்ந்த நிலையிலேயே நின்றது. பயிரை மாற்றவில்லை, மருந்தும் இடவில்லை. பின் எது அடக்கியது?

3. சான்றுகள்

3.1. ஃபார்மலின் சோதனை: வயலின் ஒரு பகுதி மண்ணை ஃபார்மலின் கரைசலால் நனைத்து, மறுபகுதியை அப்படியே விட்டுப் பயிரிட்டார்கள். ஃபார்மலின் இட்ட பகுதியில் புழு குறைவதற்கு மாறாகப் பெருகியது. புழுவை அடக்கிவந்த உயிரிகளை ஃபார்மலின் அழித்துவிட்டது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

3.2. நுண்ணோக்கிச் சான்று: கோடையில் வேரைத் தோண்டி எடுத்து, வெண்ணிறப் பெண்புழுவைக் கண்ணாடிச் சில்லில் நசுக்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். நலமான புழுவிலிருந்து முட்டைகள் சிதறும். நோயுற்ற புழுவினுள் முட்டைக்குப் பதிலாகத் தடித்த சுவருடைய பூஞ்சை வித்துகள் நெருங்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட புழுவின் உடல் சிதைந்துபோவதால் முட்டைக்கூடே உருவாவதில்லை. அடுத்த பயிருக்கான வாரிசு அங்கேயே அற்றுப்போகிறது.

4. இரு பூஞ்சைகள்

4.1. நெமட்டோஃப்தோரா ஜைனோஃபிலா: கெர்ரியும் அவருடைய சக ஆய்வாளர் கிரம்பும் 1980-இல் விவரித்த உயிரி. தோற்றத்தில் பூஞ்சைபோல் இருப்பினும் இன்றைய வகைப்பாட்டில் இது ஊமைசீட்ஸ் (Oomycetes) எனும் தனிப் பிரிவில் சேரும். இதன் வித்துகள் மண்ணீரில் நீந்திச் சென்றே பெண்புழுவைத் தொற்றும். எனவே ஈரமான கோடையில் வேகமாகப் பரவும், வறட்சியில் முடங்கிவிடும். உயிருள்ள புழுவை அண்டியே வளர்வதால் ஆய்வகத்தில் பெருக்கி வயலுக்குத் தர இது ஏற்றதன்று.

4.2. பொக்கோனியா கிளமைடோஸ்போரியா: முட்டைகளைத் தாக்கும் பூஞ்சை. முட்டையோட்டின் புறப்படலத்தை நொதியால் கரைத்து உட்புகும். புழு இல்லாதபோதும் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் பிழைத்திருக்கும். செயற்கை ஊடகத்திலும் வளரும். பெருக்கிப் பயன்படுத்தும் வாய்ப்பு இதற்கே இருந்ததால், கெர்ரியின் பிற்கால ஆய்வுகள் இதையே சுற்றி அமைந்தன.

5. பயன்பாட்டின் எல்லைகள்

காய்கறிகளைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எதிராகப் பொக்கோனியாவைப் பயன்படுத்தியபோது மூன்று வரையறைகள் தெளிவாயின.

முதலாவது, பயிர். தக்காளி போன்று எளிதில் தாக்குதலுக்கு ஆளாகும் பயிரில் புழு மிகுந்தால் வேர்முடிச்சுகள் பெரிதாகும். முட்டைத் திரள்கள் அவற்றுக்குள்ளேயே புதைந்துவிடும். வேரின் புறத்தில் படரும் பூஞ்சைக்கு அவை எட்டா. முடிச்சு சிறிதாக உருவாகும் பயிரில் முட்டைகள் வெளியே இருப்பதால் பூஞ்சை அவற்றை அழித்துவிடும்.

இரண்டாவது, புழுவின் தொடக்க அளவு. நடவின்போதே மண்ணில் புழு மிகுந்திருந்தால் பூஞ்சை முட்டைகளை அழிப்பதற்குள் முதல் தலைமுறைப் புழுக்கள் வேரைச் சிதைத்துவிடும். பூஞ்சையிடுவது அடுத்தடுத்த தலைமுறைகளைக் குறைக்கும் முறை. நிற்கும் பயிரை உடனே மீட்கும் முறையன்று.

மூன்றாவது, பூஞ்சையின் உள்வகை. ஓரிடத்து முட்டைக்கூடு நூற்புழுவிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை, வேர்முடிச்சுப் புழுவிடம் அதே ஆற்றலைக் காட்டும் என்று எதிர்பார்க்க இயலாது.

இவ்வரையறைகளை ஏற்றுச் செயல்பட்ட எடுத்துக்காட்டு கியூபா. அந்நாட்டின் வேளாண் உயிர்நலத் தேசிய மையம், உள்நாட்டு மண்ணில் கிடைத்த பொக்கோனியாவை அரிசியில் வளர்த்துக் ‘கிளாமிக்’ என்ற பெயரில் தயாரித்தது. காய்கறிச் சாகுபடியில் புழுவுக்கு அதிகம் இடங்கொடாத பயிர்களைச் சுழற்சியில் சேர்த்து அதைப் பயன்படுத்தினார்கள்.

6. நீலகிரித் தொடர்பு

உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் இருப்பது 1961-இல் உதகமண்டலத்தில் தெரியவந்தது. கண்டறிந்த ஜோன்ஸ், ராதம்ஸ்டெட் நூற்புழுவியலாளர். புழு மேலும் பரவாமலிருக்க நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்புத் திறனுள்ள குஃப்ரி ஸ்வர்ணா இரகம் உருவாக்கப்பட்டது. எதிர்ப்பு இரகமும் பயிர்ச் சுழற்சியும் முட்டையின் எண்ணிக்கையைக் குறைத்த நிலத்தில்தான் பூஞ்சைக்கு வேலை எளிதாகும் என்பது கெர்ரியின் ஆய்வுகளிலிருந்து இங்கும் பொருந்தும் பாடம்.

7. முடிவுரை

ஏக்கருக்கு எத்தனை கிலோ இட வேண்டும் என்ற கேள்வியோடு உயிரியல் கட்டுப்பாடு முடிந்துவிடுவதில்லை. மண்ணில் புழு எவ்வளவு, முன்பு என்ன பயிர், அடுத்து என்ன பயிர், முட்டைகள் வேருக்கு வெளியே இருக்குமா என்ற கேள்விகள் அதற்கு முன்னே வரவேண்டும். இவற்றுக்கு விடை காணாமல் இட்ட பூஞ்சை பலன் தரவில்லையென்றால், குறை பூஞ்சையினுடையது என்று தீர்மானிக்க இடமில்லை.