தண்டச் சீட்டின் மொழி

எமது கரையோரத்தில் எந்தத் தேநீர்க் கடையில் அமர்ந்தாலும், பேச்சு எங்கு தொடங்கினாலும், சிறிது நேரத்தில் போக்குவரத்துப் பொலிஸாரிடம் வந்து சேர்ந்துவிடுகின்றது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இதுதான் நிலைமை. விடுமுறையில் ஊர் வந்து திரும்பிய நண்பர்கள் தோஹாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுதுகின்ற மடல்களிலும் இந்த முறைப்பாடே முதலிடம் பெறுகின்றது. ஊருக்குள் கடைக்குப் போகவும் தலைக்கவசம் வேண்டுமா? சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? ஒரே குற்றத்துக்கு ஒருவருக்குத் தண்டமும் மற்றவருக்கு எச்சரிக்கையும் ஏன்? இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவற்றுக்கு அடியில் கிடக்கின்ற கேள்வி வேறு. அதைப் புரிந்துகொள்ள இந்த வீதியின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை வழியாகப் பொத்துவிலில் கடலைத் தொட்டு, அங்கிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என வடக்கே ஏறி மட்டக்களப்பில் முடிகின்ற ஏ-4 நெடுஞ்சாலைதான் எமது முதுகெலும்பு. கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி அமைந்துள்ளன. பாடசாலை, சந்தை, வைத்தியசாலை, பள்ளிவாசல், கோவில் யாவும் இந்த வீதியையோ அதன் கிளைகளையோ நம்பியே இருக்கின்றன. இங்கு வீதியில் ஒருவரை மறிப்பது அவருடைய அன்றைய வாழ்வையே மறிப்பதாகும்.

வீதி தொடர்பான சட்டம் இந்நாட்டின் சாதாரண மக்களிடம் முதன்முதலில் வந்தது ஒரு சுமையாகவே. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், இயலாதவர் 3 சிலிங் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் 1916 இல் வாகனங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. மோட்டார் வாகனங்களுக்கென வந்த சட்டங்களின் தொடர்ச்சியாக 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறியது. பல திருத்தங்களுடன் இன்றும் எம்மை ஆள்வது அதுவே.

எனது சிறு பராயத்தில் எமது ஊர்களில் போக்குவரத்துக் குற்றம் என்றால் பெரும்பாலும் சைக்கிள் குற்றம்தான். இரவில் விளக்கு இல்லாமல் ஓடியது, முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் ஏற்றியது என்பனவே வழக்குகள். பிடித்த பொலிஸ்காரர் பெரும்பாலும் ஊர் அறிந்தவர். தமிழில் ஏசுவார், காற்றைத் திறந்துவிட்டு அனுப்புவார். அது சட்டப்படியானதா என்பது வேறு விடயம். ஆனால் தான் செய்த பிழை என்னவென்று பிடிபட்டவருக்குத் தெரிந்திருந்தது.

இனி மொழியின் கதைக்கு வருவோம். 1956 ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதன் முழுமையான அமுலாக்கத்தை எதிர்த்து 1961 இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன்னால் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அது அவசரகாலச் சட்டத்தின் கீழ் முறியடிக்கப்பட்ட அதே ஏப்ரல் மாதத்தில்தான் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானது. கரையோரத்துத் தமிழ் பேசும் மக்கள் தமது மாவட்ட அலுவல்களுக்காகச் சிங்களம் வழங்குகின்ற உட்பிரதேச நகரொன்றுக்குப் போகவேண்டியவர்களாயினர்.

1973 இல் வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த இடமளிக்கும் சட்டம் வந்தது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்றது. 1988 இல் வந்த 16 ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிர்வாக மொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் பயன்படுத்தப்படும் என வரையறுத்தது. ஆக, 1988 முதல் கல்முனையில் அரசாங்கம் மக்களோடு தமிழில் எழுதுவது சலுகையன்று. அரசியலமைப்பு விதித்த கடமை.

அந்தக் கடமை நடைமுறைக்கு வருமுன் வந்தது 1990. அவ்வாண்டு ஜூன் 11 ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சரணடையுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். 600 பேருக்கு மேல் என்பதே பொதுவாகக் குறிப்பிடப்படும் கணக்கு. கல்முனைப் பொலிஸ் நிலையமும் அவற்றுள் ஒன்று. தொடர்ந்து இராணுவம் நுழைந்தபோது கல்முனைத் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் வடக்கே காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டனர்.

அந்த நாட்களுக்குப் பின்னர் வீதியில் ஒரு கை உயர்வதன் பொருளே மாறிப்போனது. அது போக்குவரத்துச் சட்டத்தின் கையாக இருக்கவில்லை; சோதனைச் சாவடியின் கையாக இருந்தது. இறங்கி நட, அடையாள அட்டையைக் காட்டு, எங்கே போகிறாய் சொல். எதற்காக மறிக்கிறீர்கள் என்று கேட்பவர் எவருமில்லை. கேளாமல் கடந்து போவதே உயிருக்குப் பாதுகாப்பு. 2007 இல் கிழக்கில் போர் ஓய்ந்தது. 2009 இல் நாடெங்கும் முடிந்தது. 2011 ஆகஸ்டில் அவசரகாலச் சட்டமும் காலாவதியானது. ஒரு தலைமுறை வீதியில் வாய் திறவாமல் வளர்ந்திருந்தது. மறித்தவர்களும் விளக்கம் சொல்லிப் பழகியிருக்கவில்லை.

போருக்குப் பின் காபட் வீதிகள் வந்தன. 2004 ஆம் ஆண்டு ஆழிப் பேரலையில் இம்மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் பலியாகியிருந்தனர். அந்த இழப்பிலிருந்து எழுந்த குடும்பங்கள் லீசிங்கில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வாங்கின. வேகம் கூடியது, விபத்தும் கூடியது, போக்குவரத்துப் பொலிஸாரும் கூடினர். இவையெல்லாம் இயல்பானவையே. கூடவே ஸ்தலத் தண்டமும் அன்றாட வாழ்வில் நுழைந்தது. பொலிஸ் உத்தியோகத்தர் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு சீட்டு எழுதித் தருவார். அதுவே தற்காலிக அனுமதிப்பத்திரமும் ஆகும். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணம் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். செலுத்தாவிடின் விடயம் நீதவான் நீதிமன்றம் செல்லும். 2018 ஜூலை 15 முதல் 33 குற்றங்களுக்கான தண்டப்பணம் உயர்த்தப்பட்டது.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு மேசன் தொழிலாளி கையில் சீட்டோடு வந்தார். "காக்கா, இதுல என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்க" என்றார். கையால் எழுதிய பகுதி முழுவதும் சிங்களம். தலைக்கவசத்தின் பட்டி பூட்டாததற்கே தண்டம் என்று எண்ணி அவர் புதிய தலைக்கவசம் ஒன்றை வாங்கியிருந்தார். எழுதப்பட்டிருந்ததோ வாகன வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியான குற்றம். முதற் சீட்டுக்குப் பணம் கட்டிய மறு வாரமே அதே குற்றத்துக்கு அவர் மீண்டும் பிடிபட்டிருந்தார். இரண்டு நாள் கூலி போனது. சட்டம் திருத்த விரும்பிய பிழையோ திருத்தப்படாமலே இருந்தது.

எமது மக்களின் முறைப்பாடுகளுக்கு அடியில் கிடக்கின்ற கேள்வி இதுதான். அவர் அந்தச் சீட்டை ஏற்காமல் நீதிமன்றம் சென்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? கல்முனை நீதவான் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு அவருக்குத் தமிழில் வாசிக்கப்பட்டிருக்கும். குற்றவாளியா சுற்றவாளியா என்று தமிழில் கேட்டிருப்பார்கள். ஆனால் நீதிமன்றம் செல்வதென்றால் ஒரு நாள் கூலி போகும், சட்டத்தரணிக்குச் செலவாகும், அலைச்சல் வேறு. ஆகவே எவரும் போவதில்லை. நீதிமன்றங்களின் சுமையைக் குறைக்க வந்த ஸ்தலத் தண்ட முறை, இப்பிரதேசத்தில் வேறொன்றையும் செய்துவிட்டது. தமிழ் பேசுபவரின் குரல் அவரது மொழியிலேயே கேட்கப்படுகின்ற ஒரே இடத்தை அவர் அணுகாமலே எல்லாம் முடிந்துவிடுகின்றது. 2025 ஏப்ரலில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்பட்ட இணையவழிக் கட்டண முறை, வீதியிலேயே கைத்தொலைபேசியில் தண்டத்தைச் செலுத்த வழி செய்தது. அலைச்சல் குறைவது நல்லதே. ஆனால் பணம் கட்டுவதற்கான நேரம் குறையக் குறையக் கேள்வி கேட்பதற்கான நேரமும் குறைகின்றது.

ஒரு சின்னச் சீட்டுக்கு இத்தனை பெரிய பேச்சா என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்குக் கனடாவின் கதையொன்றைச் சொல்ல வேண்டும். 1976 ஆம் ஆண்டு மனிடோபா மாகாணத்தின் வினிபெக் நகரில் ஜோர்ஜ் ஃபோரே என்ற பிரெஞ்சு மொழிக்காரருக்கு வாகனம் நிறுத்தியமைக்காக 5 டொலர் தண்டச் சீட்டு ஒன்று கிடைத்தது. அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போகவில்லை, வழக்காடினார். 1979 டிசம்பரில் கனடாவின் உயர் நீதிமன்றம், அம்மாகாணத்தில் ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1890 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கிட்டத்தட்ட தொண்ணூறு வருட அநீதியைக் கவிழ்த்தது ஒரு 5 டொலர்ச் சீட்டு.

எமது நாட்டிலும் இத்தகைய முயற்சி நடக்காமலில்லை. கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய கோடீஸ்வரன் என்ற தமிழ் அரச ஊழியர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் மறுக்கப்பட்ட சம்பள உயர்வுக்காக வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969 இல் பிரித்தானியக் கோமறைக் கழகம் அவ்வூழியருக்கு வழக்காடும் உரிமை உண்டென்று சொல்லித் திருப்பி அனுப்பியது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குக் கடைசிவரை முடிவு கிடைக்கவில்லை. இன்று நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சட்டம் எம்பக்கம் இருக்கின்றது. அதனை நடைமுறைப்படுத்துமாறு கேட்பவர்கள்தான் இல்லை.

கேட்டால் நடக்காதா? முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முனைந்தபோது மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2015 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2016 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் பாரிய வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபா தண்டம் முன்மொழியப்பட்டபோது தனியார் பஸ் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்து அரசாங்கத்தைப் பேச்சுக்கு அழைத்தன. அவர்களது கோரிக்கை சரியா பிழையா என்பது வேறு. அமைப்பாகக் கேட்டவர்களின் குரல் கொழும்பில் கேட்டது. எமது மேசனுக்கும் மீனவருக்கும் அப்படியொரு சங்கம் இல்லை.

இவ்வளவும் எழுதிய பின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பொலிஸார் தமிழில் எழுதாதது, நாம் தலைக்கவசம் அணியாததற்குக் காரணமாகாது. பதின்மூன்று வயது மகனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கின்ற தகப்பன்மார் எம்மிடையே இருக்கின்றனர். வாகனம் பிடிபட்டவுடன் அரசியல்வாதிக்குத் தொலைபேசி எடுக்கின்ற பழக்கமும் இருக்கின்றது. ஒருவருக்குத் தண்டமும் மற்றவருக்கு எச்சரிக்கையும் ஏன் என்று கேட்பவர்கள், அந்தத் தொலைபேசி அழைப்பை யார் எடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

2024 நவம்பர் 26 ஆம் திகதியை இப்பிரதேசம் மறக்காது. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தைக் கடக்க முற்பட்ட உழவு இயந்திரம் அள்ளுண்டுபோனது. அதன் பெட்டியில் மத்ரஸா முடிந்து வீடு திரும்பிய மாணவர்கள் இருந்தனர். அவர்களில் பலரது ஜனாஸாக்களைத்தான் நாம் பின்னர் மீட்டோம். வயலுக்கு நெல் ஏற்றுகின்ற பெட்டியில் மனிதரை ஏற்றுவது இங்கு பழகிப்போன விடயம். அன்று மாலை வீதியில் உயர்ந்து மறிக்கின்ற ஒரு கை இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று இருந்திருப்பார்கள். மறிப்பது தண்டம் எழுதுவதற்கு மட்டுமென்று மக்களும் பொலிஸாரும் எண்ணிப் பழகிவிட்ட இடத்தில், உயிர் காக்க மறிக்க வேண்டிய வேளையில் மறிப்பதற்கு ஆளிருப்பதில்லை.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தனது 2011 ஆம் ஆண்டு அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இருமொழியும் அறிந்த உத்தியோகத்தர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எமது பொலிஸ் நிலையங்களில் அத்தகையோர் எத்தனை பேர்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் இதனை எழுத்தில் கேட்கலாம். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் கல்முனையிலேயே இருக்கின்றது. தேநீர்க் கடையில் பேசுவதை ஒரு தாளில் எழுதி, சீட்டின் பிரதியையும் இணைத்து அனுப்ப எவருக்கும் பெரிய செலவில்லை.

வெளிநாட்டிலிருந்து வாசிக்கின்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாழும் நாட்டில் தண்டச் சீட்டு கிடைத்தால், என்ன குற்றம், எந்தச் சட்டம், எங்கே மேன்முறையீடு செய்யலாம் என்று அதிலேயே வாசித்தறிகின்றீர்கள். உங்கள் வாப்பாவும் தம்பியும் ஊரில் கேட்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை. தண்டத்தை மன்னிக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. எந்தப் பிழைக்காகப் பணம் கட்டுகின்றோம் என்பதைத் தமது மொழியில் வாசிக்க வேண்டும் என்கின்றார்கள். 1988 இலேயே எழுதப்பட்டுவிட்ட உரிமை அது.