திர்ஹமின் ஓரத்தில் பிஸ்மில்லாஹ்

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் ஈராக்கிலும் பாரசீகத்திலும் முஸ்லிம் ஆளுநர்கள் வெளியிட்ட வெள்ளிக் காசுகளை முதன்முறையாகக் காண்போர் சற்றே திடுக்குறுவர். ஒருபுறம் சிறகு முடி தரித்த குஸ்ரூ மன்னனின் மார்பளவு உருவம். மறுபுறம் நெருப்புப் பீடமும் அதன் இருமருங்கில் காவலர் இருவரும். ஓரத்தில் மட்டும் கூஃபி எழுத்தில் "பிஸ்மில்லாஹ்". ஸஹாபாக்கள் பலர் வாழ்ந்திருந்த காலத்துச் சமுதாயம் இதனை எங்ஙனம் ஏற்றது என்று வினவுவோர் உளர். ஏற்றது உருவத்தையன்று, வெள்ளியின் தரத்தையும் எடையையுமே என்பது நம் கருத்து.

ஸாஸானியரின் இறுதி மன்னன் மூன்றாம் யஸ்தகிர்த் கி.பி. 651இல் கொல்லப்பட்டான். ஆயினும் அக்கசாலைகள் நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள அந்த மெல்லிய அகன்ற காசையே கடைவீதி நம்பியிருந்தது. தாராப்கிர்தில் அடிக்கப்பட்ட காசொன்றில் முஆவியா (ரலி) அவர்களின் பெயர் பஹ்லவி எழுத்திலேயே உள்ளது. "அமீருல் மூமினீன்" என்னும் பட்டத்திலும் பின்சொல் பாரசீகமாகப் பெயர்க்கப்பட்டிருக்கிறது! ஹிஜ்ரி 66இல் பிஷாப்பூர்க் காசில் "முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்" இடம்பெற்றது. நபி (ஸல்) அவர்களின் திருப்பெயர் தாங்கிய மிகப் பழைய காசுகளுள் அது ஒன்று.

நம் நாட்டிலும் இதே ஸாஸானியக் காசமைப்பு ஹூணர் வழியே நுழைந்தது. குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் அது நூற்றாண்டுக் கணக்கில் வழங்கிற்று. 'கதய்யா பைசா' எனப்படும் அக்காசுகளில் மன்னன் முகம் வெறுங்கோடாயிற்று, பீடம் புள்ளிகளாயிற்று. அங்கே உருவம் தானே மங்கியது. கலீபா அப்துல் மலிக்கோ அறிந்தே அதனை அகற்றினார். ஹிஜ்ரி 77இல் தீனாரும், அடுத்த ஈராண்டுகளுக்குள் திர்ஹமும் எழுத்து மட்டுமே கொண்டு வெளிவந்தன. கலிமாவும் இக்லாஸ் சூராவின் வசனங்களும் ஆண்டும், திர்ஹமில் ஊரும் உண்டு. கலீபாவின் பெயர்கூட இல்லை.

எடைதான் நம்மைத் தொடும் செய்தி. பாரசீகத் திர்ஹம்கள் 20, 12, 10 கீராத் என மூவகையாய் வழங்கினவென்றும், அவற்றைக் கூட்டி மூன்றில் ஒரு பங்காக 14 கீராத்தைக் கொண்டனரென்றும் பலாதுரி எழுதுகிறார். மித்கால் 20 கீராத். எனவே பத்துத் திர்ஹம் ஏழு மித்கால். புதிய திர்ஹம் ஏறத்தாழ 2.97 கிராம். அக்கணக்கில் ஜகாத்துக்குரிய 200 திர்ஹம் சுமார் 595 கிராம் வெள்ளியாகும்.

தேனாம்பேட்டையில் ஜகாத் கணக்கிடும் குடும்பங்கள் பலவும் 612 கிராம் என்றே கேட்டிருக்கும். அது இந்திய உலமாக்கள் தோலா நிறையில் கணித்த 52½ தோலா. இரண்டுக்கும் இடையே 17 கிராம்தான். இடைப்பட்ட அளவில் வெள்ளி வைத்திருப்போர் குறைந்த கணக்கைக் கொண்டு கொடுத்துவிடுவதே ஏழைகளுக்கு நலம் என்று நாம் எண்ணுகிறோம்.