ஒட்டுச் சீட்டின் பூர்வீகம்

சென்னை லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர் எடுத்துக் கொடுத்தது, 1960-களின் தொடக்கத்தில் அச்சான ஆங்கில அரசமைப்புச் சட்டப் பிரதி. முதுகு பிய்ந்த காலிகோ அட்டை. உள்ளே ஏதோ ஒரு வக்கீலின் ரப்பர் முத்திரை, பாதி அழிந்து. 19-ஆவது பிரிவு இருந்த பக்கத்தில் விரல் அகலத்தில் மூன்று தாள் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். கோந்து பழுப்பேறி ஓரம் சுருண்டிருந்தாலும் டைப் எழுத்து மட்டும் கறுப்பு மாறாமல் இருந்தது.

"ஒட்டுத் துண்டையெல்லாம் பிச்சுட்டுத் தரட்டா சார்?"

"ஐயோ, வேணாம்பா. அதுக்காகத்தான் வாங்குறேன்."

அந்தக் கால வக்கீல் வீடுகளில் இது குமாஸ்தாவின் வேலை. சட்டம் திருத்தப்பட்டால் உடனே புதுப் புத்தகம் வாங்க மாட்டார்கள். கெஜட்டைப் பார்த்து டைப் அடித்து, நறுக்கி, உரிய வரிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். என் பிரதியின் மூன்று துண்டுகளிலும் ஒரே சொற்கள்: இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு. இன்னும் புரட்டியபோது மூன்றாம் அட்டவணையில் நீளமாக ஒரு சீட்டு. சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் எடுக்க வேண்டிய உறுதிமொழி அது. ஓரத்தில் பென்சிலில் 5-10-63.

அது 16-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். தமிழ்நாட்டில் 'பிரிவினைத் தடைச் சட்டம்' என்றால்தான் தெரியும். பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகிய மூன்றையும் நாட்டின் ஒருமைப்பாட்டுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொன்ன திருத்தம். துண்டுகள் ஏன் மூன்று என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. இதை யார், எப்போது, ஏன் கேட்டார்கள் என்பதுதான் அடுத்த வேலை.

நான் முதலில் போனது தப்பான தடத்தில். நம் மேடைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது: 1962 அக்டோபரில் சீனப் போர் வந்தது, நாடு ஒன்றாக நிற்க வேண்டியிருந்தது, தி.மு.க.வின் அண்ணா தனித் திராவிட நாடு கோரிக்கையைத் தள்ளி வைத்தார், தில்லி சட்டம் போட்டது. வரிசை அழகாகத்தான் இருக்கிறது. நானும் இரண்டு வாரம் போர்க்காலச் செய்திகளையே துழாவிக்கொண்டிருந்தேன்.

தடத்தைத் திருப்பியது மசோதாவோடு இணைத்திருந்த நோக்க விளக்கக் குறிப்பு. யாரும் பொறுமையாகப் படிக்காத அரைப் பக்கம். தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் அமைத்த 'ஒருமைப்பாடு மற்றும் பிராந்தியவாதக் குழு' சிபாரிசு செய்ததால்தான் இந்தத் திருத்தம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மன்றம் முதன்முதலாகக் கூடி அந்தக் குழுவை அமைத்தது 1962 ஜூனில். சீனப் படை எல்லை தாண்டுவதற்கு நான்கு மாதம் முன்பே. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த தேர்தலில் தி.மு.க. 50 சட்டமன்ற இடங்களைப் பிடித்திருந்தது. காரணத்தைத் தேடி இமயமலை வரை போயிருக்க வேண்டியதில்லை. போர் மசோதாவுக்கு எதிர்ப்பைக் குறைத்தது, அவ்வளவே.

குழுவின் தலைவர் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சர் சி.பி. ராமசாமி ஐயர்.

லஸ்ஸிலிருந்து தி.நகருக்குப் போகிற வழியில் எல்டாம்ஸ் சாலையில் 'தி குரோவ்' இருக்கிறது, மரங்களுக்கு நடுவில். சி.பி.யின் வீடு. இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளை அங்கே இயங்குகிறது. கைத்தறிக் கண்காட்சி நடக்கும்போது நானே பலமுறை போயிருக்கிறேன். அடையாற்றில் அன்னி பெசன்ட் தன்னாட்சி இயக்கம் தொடங்கியபோது கூட நின்றவர், சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல் என்று அவர் வரலாறு நீளும். எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு அத்தியாயம். 1947 ஜூன் மாதம் திருவிதாங்கூர் திவானாக இருந்த இதே சி.பி., பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் இந்தியாவில் சேராது, தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழாவில் அவரை வெட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். சில நாளில் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். சி.பி. பதவி விலகிச் சென்னைக்குத் திரும்பினார்.

சேர மாட்டோம் என்றவர், பதினைந்து வருஷம் கழித்து, பிரிவோம் என்று பேசக்கூடாது என எழுதுகிறார். இதை வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். 1947-ல் அவர் நின்ற இடத்தில் அரசமைப்புச் சட்டமே இல்லை. சமஸ்தானம் சேர்வதும் சேராததும் பேரம். 1950-க்குப் பிறகு பேரத்துக்கு இடமில்லை. இந்தியாவை மாநிலங்களின் 'ஒன்றியம்' என்று ஏன் எழுதினோம் என்பதை அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்றே விளக்கியிருந்தார்: இது மாநிலங்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் அல்ல, அதனால் எதற்கும் விலகும் உரிமை இல்லை. அமெரிக்கா ஓர் உள்நாட்டுப் போர் நடத்தித் தெரிந்துகொண்டதை நாம் முதல் பிரிவிலேயே எழுதிவிட்டோம் என்பது அவர் வாதம். ஐரோப்பிய ஒன்றியம் நேர் எதிர். விலகும் வழியை 50-ஆவது பிரிவாக ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். பிரிட்டன் அந்த வழியாக 2020-ல் வெளியேறியது.

அப்படியென்றால் 1963-ல் ஒட்டுச் சீட்டு எதற்கு? முதல் பிரிவு விலகுவதைத் தடுத்தது. விலக வேண்டும் என்று பேசுவதை 19-ஆவது பிரிவு தடுக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அந்த இடைவெளியில்தான் மவுண்ட் ரோடு முதல் மாம்பலம் வரை திராவிட நாடு கூட்டங்கள் சட்டப்படியே நடந்தன.

கோட்டூர்புரத்தில் அண்ணா பெயரால் அமைந்த நூலகத்தில், மடிக்கணினியில் மாநிலங்களவை விவாதப் பதிவைத் திறந்து வைத்து அவரது 1963 ஜனவரிப் பேச்சைப் படித்தேன். போர் முனையில் அரசுக்குத் துணை நிற்கும் கட்சியிடம் இந்தச் சட்டத்துக்கு என்ன அவசரம் என்பது ஒரு பக்கம். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, சட்டப்படி அது ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டிருக்கிறது என்று அவர் வாதிடுகிறார். பிரிவினை பேசியவர் கூட்டாட்சி பேசுபவராக மாறும் இடம் இது.

நோக்கக் குறிப்புக்குத் திரும்பிப் போனேன். முதல் வாசிப்பில் தவறவிட்ட ஒன்று கண்ணில் பட்டது. சி.பி. குழு காக்கச் சொன்னது 'ஒன்றியத்தின்' ஒருமைப்பாட்டையும் இறையாண்மையையும். சில வரி தள்ளி, திருத்த வாசகத்தில் அது 'இந்தியாவின்' இறையாண்மை, ஒருமைப்பாடு என்று ஆகிவிடுகிறது. சொல் மாறியது, வரிசையும் மாறியது. இன்றைக்கு ஒன்றிய அரசா மத்திய அரசா என்று தொலைக்காட்சியில் தொண்டை கிழியப் பேசுபவர்கள் இந்த அரைப் பக்கத்தை ஒருமுறை பார்க்கலாம். பிரிவினைக்கு எதிரான குழுவே கூச்சமில்லாமல் ஒன்றியம் என்றுதான் எழுதியிருக்கிறது.

சீட்டு ஒட்டிய பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தென்சென்னைத் தொகுதி ஒன்றே சொல்லும். 1957-ல் அங்கே வென்றவர் அரசமைப்பு வரைவுக் குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1962-ல் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரன். தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டு, அந்த உறுதிமொழியை எடுத்து, 1967 தேர்தலில் நின்றது. தென்சென்னையில் வென்றவர் அண்ணா. முதல்வரானதும் அவர் விட்டுக்கொடுத்த இடத்துக்கு இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். 1969 ஜனவரி 14 அன்று மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது, நாடாளுமன்றம் மூன்றாம் பிரிவின்படி இயற்றிய சட்டத்தால். அதே ஆண்டு மாநில சுயாட்சிக்காக ராஜமன்னார் குழு அமைந்தது. உறுதிமொழி எடுத்தவர்களுக்கு ஜெயிப்பதற்குச் சென்னைக் கோட்டையில் ஒரு சட்டமன்றம் இருந்தது. மொழியை ஆட்சிமொழியாக்க அதிகாரம் இருந்தது.

இதே சீட்டை இன்னொரு நாடும் ஒட்டிப் பார்த்தது. 1983 ஜூலைப் படுகொலைகளின் ரத்தம் காயும் முன்பே, ஆகஸ்ட் 8 அன்று, இலங்கை தன் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. பிரதான எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் எடுக்க மறுத்தார்கள், இடங்களை இழந்தார்கள். அது ஒற்றையாட்சி நாடு. எடுத்திருந்தாலும் வென்றெடுக்க ஒரு மாநில அரசு இல்லை. யாழ்ப்பாணத்திலும் ஒரு கோட்டை இருந்தது. அதில் இருந்தது ராணுவம்.

உறுதிமொழிதான் தமிழ்நாட்டைச் சேர்த்து வைத்தது என்று எழுதுபவர்களிடம் நான் காட்டப் போவது இந்த இரண்டு ஆண்டுகளைத்தான், 1963, 1983. பிணைத்தது ஒட்டிய சீட்டு அல்ல, அதன் அடியில் ஏற்கெனவே அச்சாகியிருந்த மற்ற பிரிவுகள்.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்ககம் ஆகின்றன. தாத்தாவின் சட்டப் புத்தகங்கள் எடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் 19-ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். துண்டுத்தாள் ஒட்டியிருந்தால், தயவுசெய்து பிய்க்காமல் ஏதாவது ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள்.