வாவிக்கரையும் வன்காற்றும்

மட்டக்களப்பு நாட்டின் வரலாறு மன்னர் பெயர்களாலும் கோயிற் செய்திகளாலும் மட்டும் நிரம்புவதன்று. அந்நாட்டார் வாழ்வை வகுத்தவை இரண்டு நீர்ப்பரப்புகள். கிழக்கே வங்கக் கடல். மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி. இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் நெல்வயல்கள் பரந்த நிலம் படுவான்கரை. ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரிக்காலம் வயலை வாழ்விக்கின்றது. வெள்ளத்தையும் சூறாவளியையும் கொணர்வதும் பெரும்பாலும் அக்காலமே. இவ்விரு இடர்களையும் மக்கள் எதிர்கொண்ட முறையில் ஒரு பெருவேற்றுமை உண்டு. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளம் அடிக்கடி வருவது. மேற்கிலுள்ள ஆறுகள் பெருகி வாவியில் விழுகின்றன. அந்நீர் கடலிற் சேரும் வாயில்கள் இரண்டேயாம்: ஒன்று பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம், மற்றொன்று தெற்கே கல்லாற்றுப் பகுதியிலுள்ளது. கோடையில் அலைகள் ஒதுக்கும் மணல் இவற்றை அடைத்துவிடும். மாரியில் நீர் ஏறியும் மணல்திடர் தானே உடையாவிடின் அதனை வெட்டிவிடுதல் வழக்கம். விரைந்து வெட்டின் மீனும் இறாலும் குறையும் என்பது மீனவர் கவலை. தாழ்த்தின் பயிர் அழுகும் என்பது உழவர் கவலை. இருசாராரையும் கேட்டே நாட்குறிக்க வேண்டுமாதலின், வெள்ளத்தைத் தடுத்தல் தனிமனிதன் செயலாகாது ஊர்ச்செயலாயிற்று. 1957 டிசம்பரிலும் 2011 சனவரியிலும் வந்த பெருவெள்ளங்கள் இவ்வழக்கின் ஆற்றலை விஞ்சின. எனினும், எந்த மேடு நனையாது, எந்தத் துறையிற் கடக்கலாகாது என்னும் அறிவு ஊர்தோறும் நின்று நிலவுகின்றது.

சூறாவளியின் நிலை வேறு. 1907 மார்ச்சில் ஒரு கடும்புயல் இக்கரையைத் தாக்கிற்று. 1964 டிசம்பரிற் கிளர்ந்த பெரும்புயல் திருகோணமலை, மன்னார், தனுஷ்கோடி ஆகிய இடங்களுக்குக் கேடு செய்தது. பின்னர் 1978 நவம்பர் 23ஆம் நாள் மாலையும் இரவும் மட்டக்களப்பு புயலின் வாயில் அகப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அல்லலுற்றனர். சுமார் இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமுற்றன. ஏறத்தாழ 28,000 ஏக்கர்த் தென்னை அழிந்தது. தென்னை மீண்டும் காய்க்கப் பல்லாண்டு வேண்டும். ஆதலின் ஓரிரவில் வந்த காற்றின் கேடு ஒரு தலைமுறையின் வருவாயைக் கொண்டுபோயிற்று.

1907க்கும் 1978க்கும் இடையே 71 ஆண்டுகள். அஃது ஒரு மனித ஆயுள். முன்னதை நேரிற் கண்டு சொல்லத்தக்கோர் மிகச் சிலரே எஞ்சியிருந்திருப்பர். வெள்ளம் மீள மீள வந்து பாடம் புகட்டியது. புயலோ பாடம் மறந்த பின்னரே வந்தது. அந்நீண்ட இடைவெளியே புயலினும் பெரும்பகை எனல் மிகையாகாது.

ஆகவே மறக்கலாகாதவை சில உள. கிடுகு வேய்ந்த வீட்டையும் தென்னஞ்சோலையையும் வாவியோரத்தையும் நீங்கி, பொழுது சாயுமுன்னரே மேட்டிலுள்ள உறுதியான பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ அடைதல் வேண்டும். காற்று மூண்டபின் தோணியில் வாவியைக் கடத்தல் கூடாது. புயலின் நடுவண் ஊரின்மீது செல்லுங்கால் காற்று திடீரென ஓயும். அதனை விடுதலையென எண்ணி வெளிவருதல் பேராபத்து. மேற்கு நோக்கிச் செல்லும் புயலில் முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று, அவ்வமைதி நீங்கியதும் தெற்கிலிருந்து பாய்ந்து, முன்னர்த் தளர்ந்த சுவரையும் மரத்தையும் வீழ்த்தும். வெள்ளம் புகுந்த கிணற்றுநீரைத் தூய்மை செய்யுமுன் பருகுதலும் கூடாது. நீர் வடிந்த பின்னரும் நோய் வரும்.

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் இக்கரையை அழித்த பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. எச்சரிக்கை விடுக்கும் அமைப்பு வளர்ந்தது. ஆயினும் கேட்போன் பொருளுணரின் அன்றோ எச்சரிக்கை பயன்படும்? 1978 கழிந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்விரவைக் கண்டோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் வாய்மொழியை ஊர்தோறும் கேட்டு எழுதிவைத்தல் வரலாறு பயில்வோர் கடன். அதனாற் காக்கப்படுவன ஏடுகள் மட்டுமல்ல, உயிர்களுமாம்.