அன்பின் விருந்து: மதுரை அமெரிக்கன் மிஷனில் கிருபையும் கீழ்ப்படிதலும்

இரட்சிப்புக்கு விசுவாசம் ஒன்றே போதும் என்றார் லூத்தர். கிருபையோடு இசைந்த நற்கிரியைகளும் வேண்டும், சாவான பாவம் தேவ இஷ்டப்பிரசாதத்தைப் போக்கிவிடும் என்று 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் பதில் சொன்னது. தமிழகத்திலும் இந்த வழக்கு நடந்தது. தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்துக் கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதினார். ஆனால் மதுரைச் சமவெளியின் சபைகளை உலுக்கிய கேள்வி இதைவிட நேரடியானது. பாவம் கிருபையைக் கெடுக்குமா என்பதற்கு முன், எது பாவம் என்று முடிவாக வேண்டியிருந்தது. சாதியை வைத்துக்கொண்டே ஒருவர் கரையேற முடியுமா?

1606இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்கக் குரு தத்துவபோதகர் நொபிலி, பூணூலும் குடுமியும் குல அடையாளங்கள், பாவமல்ல என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். லுத்தரன் மிஷனரிகள் வளர்த்த தஞ்சைச் சபைகளிலும் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் நீடித்தது. அதை ஒழிக்கும்படி 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது சபை பிளந்தது. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் பக்தரே சாதி ஆசாரத்துக்காகப் பேசியவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் திருமங்கலத்தில் நிலையம் அமைத்தது. 1842இல் அங்கே செமினரியைத் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாற்றியது. 1847இல் சாதியை விட்டதற்கு அத்தாட்சி காட்டாதவர் சபையில் இருக்கலாகாது என்று மிஷன் தீர்மானித்தது. எல்லாச் சாதியாரும் ஒன்றாக உண்ணும் அன்பின் விருந்தே சோதனை. மறுத்த 70க்கும் மேற்பட்டோர் விலக்கிவைக்கப்பட்டனர். அவர்களில் பலர் உபதேசியார்கள். கிரியையால் யாரும் நீதிமானாவதில்லை என்று போதித்த கால்வின் மரபினர் ஒரு பிடிச் சோற்றை அளவுகோலாக்கியது வேடிக்கையாகத் தோன்றலாம்.

இது கிருபையோடு ஒரு கிரியையைச் சேர்ப்பதாகாதா என்ற ஆட்சேபம் வலுவானதுதான். ஆனால் அதற்கு விடை, விசுவாசத்தால் நீதிமானாதலைப் பவுல் வாதிக்கும் கலாத்தியர் நிருபத்திலேயே இருக்கிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு பின்பு விலகியதைக் கண்டித்தபடிதான் பவுல் அந்த வாதத்தை எடுக்கிறார். பந்தியில் பிறப்பைப் பார்ப்பவரே கிருபைக்கு மேல் ஒரு தகுதியைக் கூட்டுகிறார் என்பது அதன் உட்பொருள். அப்படிப் பார்த்தால், சேர்ந்து உண்பது இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை ஆகாது. இரட்சிப்பு இலவசம் என்பதை ஒப்புக்கொள்வது. மேலும், மிஷன் விலக்கியது சபை ஐக்கியத்திலிருந்து. மோட்சத்திலிருந்து விலக்கும் அதிகாரத்தை அது கோரவில்லை.

மற்றோர் ஆட்சேபத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. உபதேசியாரின் சம்பளம் மிஷன் கையில் இருந்தது. வேலைக்குப் பயந்து உண்டவனின் கீழ்ப்படிதல் எதற்குச் சாட்சி? ஒருநாள் விருந்து பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைத் தொடவுமில்லை. சாதிக்குள் மணமுடிக்கும் வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் பரவலாக உண்டு. ஆக, 1847இன் இறையியல் சரி. அதைச் சோதித்த முறை தவறு என்பதே என் முடிவு.

லூத்தருக்கும் திரெந்துக்கும் இடையிலான அந்தப் பழைய வழக்கில், 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்புர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர்: இரட்சிப்பு கிருபையால், நற்கிரியைகள் அதன் கனிகள். அவ்வறிக்கையில் சாதி என்ற சொல் இல்லை.