பெட்டி-மீசை வரைபடமும் மேட்டூர் அணை திறப்பு நாளும்

பெட்டி-மீசை வரைபடம் என்பது ஒரு தரவுத் தொகுப்பை ஐந்தே எண்களால் காட்டும் படம். மிகச் சிறிய மதிப்பு, முதல் கால்மானம், இடைநிலை அளவு, மூன்றாம் கால்மானம், மிகப் பெரிய மதிப்பு ஆகியவை அந்த ஐந்து. தரவின் நடுப் பாதி ஒரு பெட்டிக்குள் அடங்கும். பெட்டியின் இரு புறமும் நீளும் கோடுகளே மீசை. (ஆங்கிலப் பெயர் பூனையின் மீசையைக் குறிப்பது. நம் ஊர் மீசை என்று எண்ணிக்கொண்டாலும் குறையில்லை.)

இப்படத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் மக்கள் ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் ஒரு நாளைக் கொண்டு அதை வரைந்து பார்ப்போம்.

வரலாறு

தரவை வரிசைப்படுத்தி அதன் நடுவையும் கால் பகுதிகளையும் பார்க்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பியவர்களுள் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் முதன்மையானவர். 1952இல் அமெரிக்காவின் மேரி எலினார் ஸ்பியர், புள்ளிவிவரப் படங்கள் பற்றிய தம் நூலில், கால்மானங்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பட்டையாகவும் மீதியைக் கோடாகவும் வரைந்து காட்டினார். அதற்கு இன்றைய வடிவத்தையும் பெயரையும் தந்தவர் ஜான் டூக்கி. அவருடைய நூல் 1977இல் வெளிவந்தது. கணினி பெருகத் தொடங்கிய காலத்திலும், தாளும் பென்சிலும் கொண்டு தரவைப் பார்க்கும் வழிகளையே அவர் அதில் எழுதினார். வகுப்பறைக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை.

இந்தியாவிலும் இதற்கு நெருங்கிய முயற்சி ஒன்று நடந்தது. பி. சி. மகலனோபிஸ் 1960ஆம் ஆண்டளவில், குடும்பங்களை வரிசைப்படுத்திச் சம எண்ணிக்கையுள்ள குழுக்களாகப் பிரித்து, அவற்றின் செலவை வரைபடமாக ஒப்பிடும் முறையை வகுத்தார். மொத்தச் சராசரி மறைத்துவிடும் வேறுபாடுகளைக் காண்பதே அதன் நோக்கம்.

தரவு

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, குறுவைப் பாசனத்திற்காக ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டும் என்பது வழக்கம். தண்ணீர் கரூர் வழியாக முக்கொம்பை அடைந்து, அங்கே காவிரி, கொள்ளிடம் எனப் பிரிகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தீவுதான் ஸ்ரீரங்கம். பிறகு கல்லணை, அதற்கப்பால் டெல்டா வயல்கள். திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனாலே ஆற்று நீரை மட்டும் நம்பியவருக்குக் குறுவை இல்லை, சம்பா ஒன்றுதான்.

2011 முதல் 2025 வரை பாசனத்திற்குத் திறக்கப்பட்ட நாள்கள் இவை: 2011 ஜூன் 6, 2012 செப்டம்பர் 17, 2013 ஆகஸ்ட் 2, 2014 ஆகஸ்ட் 15, 2015 ஆகஸ்ட் 9, 2016 செப்டம்பர் 20, 2017 அக்டோபர் 2, 2018 ஜூலை 19, 2019 ஆகஸ்ட் 13, 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12, 2022 மே 24, 2023 ஜூன் 12, 2024 ஜூலை 28, 2025 ஜூன் 12.

தேதியை அப்படியே வைத்துக் கணக்கிட முடியாது. ஆகவே ஜூன் 12ஐச் சுழியாகக் கொண்டு, தாமதத்தை நாள்களில் எழுதி, ஏறு வரிசையில் அடுக்குவோம்:

−19, −6, 0, 0, 0, 0, 37, 46, 51, 58, 62, 64, 97, 100, 112

வரைதல்

மொத்தம் 15 எண்கள். எட்டாவது எண் 46. அதுவே இடைநிலை அளவு, அதாவது ஜூலை 28. அதற்குக் கீழுள்ள ஏழில் நடு எண் 0, மேலுள்ள ஏழில் நடு எண் 64. இவை கால்மானங்கள். (டூக்கி இடைநிலை எண்ணை இரு பாதியிலும் சேர்த்துக்கொள்வார். அப்படிச் செய்தால் 64க்குப் பதில் 63 வரும். விடை மாறிவிட்டதே என்று மாணவர்கள் கலங்க வேண்டாம். எந்த முறை என்று எழுதிவிட்டால் போதும்.) வரைபடத் தாளில் 10 நாளுக்கு 1 செ.மீ. என்று வைத்தால், −20 முதல் 120 வரை 14 செ.மீ. கோடு. 0 முதல் 64 வரை பெட்டி, 46இல் குறுக்குக் கோடு, மீசைகள் −19 வரையும் 112 வரையும்.

மீசையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு விதி உண்டு. பெட்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அப்பால் விழும் மதிப்பைத் தனிப் புள்ளியாக வைக்க வேண்டும். இங்கே பெட்டி நீளம் 64, ஒன்றரை மடங்கு 96. வலது எல்லை 64 + 96 = 160. அக்டோபர் 2இல் திறந்த 2017கூட எல்லைக்குள்தான் வருகிறது! அந்த அளவு தாமதமும் இந்தப் பதினைந்து ஆண்டுகளின் இயல்புப் பரவலுக்குள் அடங்கிவிட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

படித்தல்

கூட்டுச் சராசரி ஏறத்தாழ 40 நாள். ஆனால் வழக்கமான நாளாகிய ஜூன் 12 பெட்டியின் நடுவில் இல்லை, இடது ஓரத்தில் நிற்கிறது. பதினைந்தில் ஒன்பது ஆண்டுகள் தாமதம். அவற்றுள் ஆறு ஆண்டுகளில், ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும் ஆடிப்பெருக்கு கடந்த பிறகே பாசனத் திறப்பு. அம்மா மண்டபப் படித்துறையில் நின்றவர்களுக்கு இதற்கு வரைபடம் தேவைப்பட்டிருக்காது.

மாணவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் 0 முதல் 46 வரையுள்ள பகுதி அகலமாகவும், 46 முதல் 64 வரையுள்ள பகுதி குறுகலாகவும் இருக்கின்றன. அகலமான பகுதியில் அதிக ஆண்டுகள் இருக்கும் என்றே கை தூக்குவார்கள். உண்மை நேர்மாறானது. அகலம் என்றால் தரவு சிதறிக் கிடக்கிறது என்று பொருள். இங்கே 1 முதல் 36 வரை ஓர் ஆண்டுகூட இல்லை. அணை குறித்த நாளிலோ அதற்கு முன்போ திறந்திருக்கிறது. இல்லையேல் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. இந்த வெற்றிடத்தைப் பெட்டி மறைத்துவிடும். ஆகவே படத்தின் கீழ் மூல எண்களைப் புள்ளிகளாக வைக்கச் சொல்வேன்.

மறைவது இன்னொன்றும் உண்டு: கால வரிசை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் தொடர்ந்து தாமதம். அவற்றை மட்டும் தனியாக வரைந்தால் இடைநிலை 63, பெட்டி 54.5 முதல் 98.5 வரை. 2020 முதல் 2025 வரையுள்ள ஆறு ஆண்டுகளை (−19, 0, 0, 0, 0, 46) அதன் கீழே வரைந்தால் இடைநிலையும் இரு கால்மானங்களும் 0. பெட்டி ஒரே கோடாகச் சுருங்குகிறது. ஆறு எண்களை வைத்துப் பெரிதாக எதையும் முடிவு கட்ட இயலாது. மழையா, மேல்மடை நீர்வரத்தா என்ற காரணத்தையும் படம் சொல்லாது. ஆனால் விதிப்படி 2024ஆம் ஆண்டின் 46 இப்போது எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. பதினைந்து ஆண்டுப் படத்தில் நட்டநடுவே இருந்த அதே ஜூலை 28, இந்தப் படத்தில் தனிப் புள்ளி.